டயர் மாற்றினால் மைலேஜ் எங்கே போகிறது? – ஹைப்ரிட் கார்களின் சக்கர வரலாறு

டொயோட்டா ப்ரியஸ் காரின் இரண்டாம் தலைமுறை 2004-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் இரண்டு மூன்று வருடம் சந்தோஷமாக ஓட்டினார்கள். பிறகு டயர் தேய்ந்தது. டயர் கடைக்குப் போய் நான்கு புது டயர்களை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த டேங்க் பெட்ரோலிலேயே காலனுக்கு இரண்டு மைல் குறைந்தது. சிலருக்கு மூன்று, நான்கு மைல் கூடக் குறைந்தது. எஞ்சினில் கோளாறா, பேட்டரி போய்விட்டதா என்று பயந்துபோய் மெக்கானிக்கிடம் ஓடியவர்களும் உண்டு. காரில் ஒரு கோளாறும் இல்லை. மாறியது டயர் மட்டும்தான்.

அந்த இரண்டு மைல் எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை. பதில் ஒரு வரியில் சொல்லிவிடக் கூடியதல்ல. அதற்கு 1845-ஆம் வருடத்தில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கணக்கும் வரும்!

காற்றடித்த டயரைக் கண்டுபிடித்தவர் டன்லப் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மையில் அவருக்கு 43 வருடங்களுக்கு முன்பே, 1845-ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய கித்தான் குழாயில் காற்றை அடைத்து, அதன் மேல் தோலால் உறை போட்டுக் குதிரை வண்டிச் சக்கரத்தில் பொருத்தினார். இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. அவருடைய காப்புரிமையில் முதலில் சொல்லப்பட்ட பயன் சொகுசு அல்ல, வண்டியை இழுக்கத் தேவைப்படும் பலம் குறையும் என்பதுதான். ஆட்டம் குறைவது, சத்தம் குறைவது எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. ஆக, டயர் பிறந்ததே எரிபொருள் சிக்கனத்துக்காக. அன்றைய எரிபொருள் புல்லும் கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாம்சனின் சக்கரம் அக்காலத்தில் விலை போகவில்லை. சைக்கிளும் காரும் வராத காலம், ரப்பரும் விலை அதிகம். உலகம் அதை மறந்தே போனது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். பழைய சக்கரத்தையும் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தாராம், காற்றுச் சக்கரம் அதிக தூரம் ஓடியதாம். இது எல்லோரும் சொல்லும் கதை. இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் பெரிய இரும்பு உருளை மேல் டயரை ஓடவிட்டு அளப்பதும் அடிப்படையில் இதே விஷயத்தைத்தான். அதன் பெயர் உருளல் தடை. (பிற்பாடு தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. டயர் கம்பெனியின் பெயரில் மட்டும் அவர் நிலைத்துவிட்டார்.)

உருளல் தடை என்பது என்ன? காற்று இறங்கிய சைக்கிளை மிதித்தவர்கள் எல்லோருக்கும் அது கால் முட்டியில் தெரியும். புத்தகத்து விளக்கம் இதுதான்: டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வரும்போது வளைந்து, தரையை விட்டுப் போகும்போது நிமிர்கிறது. வளைக்கக் கொடுத்த சக்தியை ரப்பர் முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை. ரப்பர் பந்தைக் கீழே போட்டால் போட்ட உயரத்துக்கு அது எழும்புவதில்லை அல்லவா, அதே காரணம்தான். மிச்ச சக்தி வெப்பமாகிவிடுகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற காரின் டயரைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறதே, அந்தச் சூட்டில் ஒரு பகுதி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்.

இந்தச் சூட்டைக் குறைத்ததில் இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பெரிய தாவல்கள் நடந்தன. இரண்டையும் செய்தது பிரான்சு நாட்டின் மிஷலின் கம்பெனி. முதலாவது ரேடியல் டயர், காப்புரிமை 1946-ல், விற்பனை 1949-ல். அதற்கு முந்தைய டயர்களில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும். நம் ஊர் லாரிக்காரர்கள் ‘நைலான் டயர்’ என்று சொல்வது இந்த வகையைத்தான். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. தரையில் படும் பகுதிக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை இருக்கிறது. இதனால் பக்கச்சுவர் தன்பாட்டுக்கு வளைகிறது, தரையில் படும் பகுதி நெளியாமல் இருக்கிறது. நெளிவு குறைந்தால் சூடும் குறையும்.

அமெரிக்கக் கம்பெனிகள் இதை ரொம்ப காலம் கண்டுகொள்ளவில்லை. பெட்ரோல் மலிவாக இருந்தது, பெரிய கார், மெத்தென்ற டயர் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். ரேடியல் டயரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் அமெரிக்கக் கார் 1970 மாடல் லிங்கன் கான்டினென்டல் மார்க் III. டயர் மிஷலினுடையது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் எல்லாம் தலைகீழாயிற்று. 1975-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985-க்குள் காலனுக்கு 27.5 மைலைத் தொட வேண்டும் என்றது. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் கதையின் வில்லன் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறார்.

இரண்டாவது தாவல் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது. ரப்பருக்கு வலு சேர்ப்பது அதில் கலக்கும் கரித்தூள். டயர் கறுப்பாக இருப்பதற்கும் அதுதான் காரணம். அந்தக் கரித்தூளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு சிலிகா சேர்த்து, சிலிகாவும் ரப்பரும் ஒட்டிக்கொள்ள ஒரு வேதிப்பொருளையும் கலந்தார்கள். உருளல் தடை குறைந்தது, ஆனால் மழையில் சாலையைப் பிடிக்கும் தன்மை குறையவில்லை. 1992-ல் மிஷலின் இதைப் ‘பச்சை டயர்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது.

இதில் உள்ள சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும். டயர்க்காரர்களுக்கு மூன்று ஆசைகள் உண்டு: எளிதாக உருள வேண்டும், ஈரத்தில் பிடிக்க வேண்டும், சீக்கிரம் தேயக் கூடாது. ஒன்றை இழுத்தால் மற்றொன்று நழுவும். சிலிகா இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியதே தவிர அவிழ்த்துவிடவில்லை. மைலேஜுக்காக டயர் வாங்குகிறோம் என்றால் பிரேக் பிடிக்கும் தூரத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். இது உயிர் விஷயம்.

சரி, ஹைப்ரிட்டுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு மின்சாரக் கார் வந்தது. 1996-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட இவி1. ஈய அமில பேட்டரியில் இருந்த கொஞ்சம் சக்தியை வைத்து ஓட வேண்டும் என்பதால் டயரில் வீணாவதைக் கண்ணும் கருத்துமாகக் குறைத்தார்கள். மிஷலின் செய்த தனி டயர், அதில் 50 பி.எஸ்.ஐ. காற்று. சாதாரணக் காருக்கு 30 முதல் 35 வரைதான் அடிப்பார்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் ப்ரியஸ் வந்தது. அந்த நாட்டின் அன்றைய சோதனை முறைப்படி லிட்டருக்கு 28 கிலோமீட்டர். 1999-ல் ஹோண்டா இன்சைட். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஹைப்ரிட் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த கார் இந்த முதல் இன்சைட். அலுமினிய உடம்பு, இரண்டே இருக்கை, சுமார் 840 கிலோ எடை. பின் சக்கரங்களைப் பாதி மூடி வைத்திருப்பார்கள். பின் சக்கரங்களுக்கு இடையேயான அகலம் முன் பக்கத்தைவிடக் குறைவு, காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காக. டயர் அகலம் வெறும் 165 மில்லிமீட்டர். அமெரிக்க அரசின் சோதனையில் நகரத்துக்குள் 61, நெடுஞ்சாலையில் 70 மைல் வாங்கியது (லிட்டருக்கு 26, 30 கிலோமீட்டர்). சோதனை முறையைக் கடுமையாக்கிய பிறகு, அதாவது 2008-க்குப் பிந்தைய கணக்கில், அதே கார் 49, 61 என்று இறங்கியது. அப்படியும் பெரிய எண்தான். அதற்கு வந்த டயர் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனியின் பொடென்சா ஆர்.இ.92. வேடிக்கை என்னவென்றால், பொடென்சா என்பது அந்தக் கம்பெனி வேகமான கார்களுக்கு விற்கும் வரிசையின் பெயர்! இன்சைட் சொந்தக்காரர்கள் தேய்ந்துபோனால் அதே டயரையே தேடித் தேடி வாங்கினார்கள். வேறு டயர் போட்டால் மைலேஜ் இறங்குகிறது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

ஹைப்ரிட் காரில் மட்டும் டயர் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? சாதாரணக் கார் நகரத்துக்குள் பெட்ரோலை மூன்று நான்கு வழிகளில் தொலைக்கிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடுகிறது. பிரேக் பிடிக்கும்போது வேகம் முழுவதும் சூடாகிறது. எஞ்சின் தனக்கு ஒத்துவராத வேகத்தில் திணறுகிறது. ஹைப்ரிட் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டது. நின்றால் எஞ்சினை அணைக்கிறது, பிரேக் பிடித்தால் மோட்டாரை ஜெனரேட்டராக்கி ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. மிச்சம் இருப்பவை இரண்டு ஓட்டைகள், காற்றும் டயரும். டயரில் சூடாகிப் போனதை எந்த மோட்டாராலும் திருப்பி எடுக்க முடியாது. மற்ற செலவுகள் குறையக் குறைய, குறையாத செலவு பெரிதாகத் தெரியும். மாசக் கடைசியில் வீட்டு வாடகை தெரிவதைப் போல.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தலைமுறை ப்ரியஸின் எடை சுமார் 1,310 கிலோ. நல்ல சிக்கன டயரின் உருளல் தடை எண் 0.008 என்று வைத்துக்கொண்டால் காரை உருட்ட மட்டும் பத்தரை கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். 0.010 உள்ள சாதாரண டயரில் அது 13 கிலோ ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 10 கிலோதான் (இழுவை எண் 0.26, முகப்புப் பரப்பு இரண்டரை சதுர மீட்டருக்குள் என்று எடுத்துக்கொண்டது). அதாவது ஊருக்குள் ஓடும் வேகத்தில் காற்றைவிட டயர்தான் பெரிய எதிரி. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்று 26 கிலோவுக்கு மேல் போய்விடும், அப்போது டயர் இரண்டாமிடம்.

இழுப்பு கூடிய அளவுக்கு பெட்ரோல் கூடுவதில்லை. எஞ்சினின் உள் உராய்வு போன்ற வேறு செலவுகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006-ல் வெளியிட்ட அறிக்கை, உருளல் தடை 10 சதவீதம் மாறினால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மாறும் என்றது. அதன்படி 25 சதவீதம் அதிகத் தடையுள்ள டயருக்கு மாறினால் இரண்டரை முதல் 5 சதவீதம் வரை நஷ்டம். காலனுக்கு 46 மைல் கொடுத்த ப்ரியஸ் 44-க்கு இறங்குவது இதற்குள் அடங்கிவிடுகிறது.

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இங்கேதான் ஒரு திருப்பம்.

கார் எத்தனை மைல் ஓடியது என்பது காருக்கு எப்படித் தெரியும்? சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிப் பெருக்கிக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்பது தொழிற்சாலையிலேயே பதிந்துவிட்ட எண். டயர் தேய்ந்தால் அதன் சுற்றளவு குறையும், ஆனால் கார் அதை அறியாது. புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வரிப்பள்ளம் இருக்கும். தேய்ந்து மாற்றும் சமயத்தில் 2 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 6 என்றால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் குறைவு. ப்ரியஸின் 185/65ஆர்15 டயரின் விட்டம் 621 மில்லிமீட்டர். ஆக ஏறக்குறைய 2 சதவீதம், நடைமுறையில் இது கொஞ்சம் குறையலாம். தேய்ந்த டயரோடு ஓடும் கார் 98 மைல் ஓடிவிட்டு 100 மைல் ஓடினேன் என்று காட்டுகிறது. இரண்டு வருடமாக மீட்டர் மெல்ல மெல்லப் பொய் சொல்லி, மைலேஜைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. புது டயர் மாட்டியதும் பொய் நின்றுவிட்டது. 46 என்று காட்டிய மைலேஜில் 45 தான் உண்மை.

அதாவது காணாமல் போன இரண்டு மைலில் கிட்டத்தட்ட ஒரு மைல் காணாமலே போகவில்லை! அது எப்போதுமே இருந்ததில்லை.

மிச்சம் ஒரு மைல் உண்மையான நஷ்டம். அதிலும் ஒரு பகுதி டயர் கம்பெனியை மாற்றியதால் வருவதல்ல. புது டயரில் ரப்பர் அதிகம், வளைந்து சூடாவதற்குப் பொருளும் அதிகம். டயர் தேயத் தேய உருளல் தடை குறைந்துகொண்டே வரும். ஆகவே தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு அதே கம்பெனியின் அதே டயரைப் புதிதாகப் போட்டாலும் மைலேஜ் குறையத்தான் செய்யும். பழைய டயரின் கடைசி மாத மைலேஜோடு புது டயரின் முதல் மாத மைலேஜை ஒப்பிடுவதே தப்பான ஒப்பீடு. இதோடு குளிர்காலமும் சேர்ந்துகொள்ளும். பனி பெய்யும் ஊர்களில் நவம்பரில் பனி டயர் மாட்டுவார்கள். அதே மாதத்தில் எஞ்சின் சூடேற நேரமாகும், ஹீட்டர் ஓடும், டயரில் காற்றழுத்தமும் தானாகவே இறங்கும். எல்லாப் பழியும் டயர் தலையில்.

இதையெல்லாம் ஏன் ஹைப்ரிட்காரர்கள் மட்டும் இவ்வளவு கவனித்தார்கள்? ப்ரியஸின் நடு மேசையில் ஒரு திரை இருந்தது. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் என்ன மைலேஜ் என்று அது கம்பி கம்பியாகக் காட்டும். அதுவரைக்கும் கார் ஓட்டியவர்கள் யாரும் இப்படி ஒரு கணக்கை நாள் முழுதும் பார்த்துக்கொண்டே ஓட்டியதில்லை. தவிர, எண்ணே ஏமாற்றும். காலனுக்கு 20 மைல் தரும் பெரிய ஜீப்பில் 4 சதவீதம் குறைந்தால் 19.2, யாரும் கவனிக்கமாட்டார்கள். ப்ரியஸில் அதுவே இரண்டு மைல், பளிச்சென்று தெரியும். ஆனால் வருடம் 12,000 மைல் ஓட்டினால் ப்ரியஸ்காரருக்குக் கூடுதல் செலவு 12 காலன், ஜீப்காரருக்கு 25 காலன். அதிகம் இழந்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார், குறைவாக இழந்தவர் மெக்கானிக்கைத் தேடுகிறார்.

2008 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியபோது இந்த அக்கறை ஒரு வெறியாகவே மாறியது. ஒவ்வொரு சொட்டையும் மிச்சம் பிடித்து ஓட்டுவதற்கு ‘ஹைப்பர்மைலிங்’ என்று பெயர். அந்த வருடம் ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க அகராதி அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இவர்களில் பலரும் செய்த முதல் வேலை, கம்பெனி சொன்ன அளவை விட்டுவிட்டு டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரைக்கும் காற்றடிப்பது. ப்ரியஸுக்குச் சொல்லப்பட்டது முன்னால் 35, பின்னால் 33. பலன் உண்டா? உண்டு. அமெரிக்க அரசின் கணக்குப்படி நான்கு டயரிலும் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். அதையே திருப்பிப் போட்டால் 8 பி.எஸ்.ஐ. கூட்டினால் அதிகபட்சம் ஒன்றரை சதவீதம். அதற்காக ஈரச் சாலையில் பிடிப்பையும் டயரின் நடுப்பகுதியையும் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காற்று குறையாமல் பார்த்துக்கொள்வது வேறு, அளவுக்கு மேல் அடிப்பது வேறு.

இப்போது நான் முன்பு சொன்ன வில்லனிடம் வருவோம். 1975-ஆம் வருடத்துச் சட்டம் கார் கம்பெனியின் கையைத்தான் முறுக்கியது. எனவே கார் கம்பெனி டயர் கம்பெனியிடம் போய், எளிதாக உருளும் டயர் கொடு என்று கேட்டு வாங்கிப் புதுக் காரில் மாட்டியது. ஆனால் மூன்று வருடம் கழித்து அந்தக் கார் டயர் கடைக்குப் போகும்போது எந்தச் சட்டமும் கூடப் போகவில்லை. கடையில் வாங்குபவர் கேட்பது இரண்டே கேள்வி: என்ன விலை, எத்தனை மைல் ஓடும்? டயரின் பக்கச்சுவரில் தேய்மானத்துக்கு ஓர் எண்ணும் பிடிப்புக்கும் வெப்பத்துக்கும் ஓர் எழுத்தும் 1970-களின் இறுதியிலிருந்தே அச்சிட வேண்டும் என்று விதி இருந்தது. எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. எழுதாத ஒன்றுக்காக யார் கூடுதல் பணம் கொடுப்பார்கள்? கம்பெனிகள் நீண்ட நாள் உழைக்கும் டயரையே செய்து விற்றன. ப்ரியஸ்காரர் புது டயரோடு வீட்டுக்கு வந்தபோது இழந்தது இதைத்தான். அவரை யாரும் ஏமாற்றவில்லை, அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

இந்த ஓட்டையை கலிபோர்னியா 2003-லேயே பார்த்துவிட்டது. கடையில் விற்கும் டயரும் புதுக் காரில் வரும் டயர் அளவுக்குச் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். பத்து வருடம் கழித்தும் கடைகளில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மத்திய அரசு 2007-ல் ஒரு சட்டம் இயற்றி 2010-ல் சோதனை முறையை அறிவித்தது, ஆனால் டயரில் ஒட்டும் லேபிள் வந்து சேரவில்லை. ஜப்பானில் டயர் கம்பெனிகளே கூடிப் பேசி 2010 ஜனவரியிலிருந்து உருளல் தடைக்கும் ஈரப் பிடிப்புக்கும் தர எழுத்து போடத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் ஃபிரிட்ஜில் ஒட்டுவது போன்ற வண்ண லேபிளைக் கட்டாயமாக்கியது. பெட்ரோலுக்கு ஓர் எழுத்து, மழைக்கு ஓர் எழுத்து, சத்தத்துக்கு ஓர் எண். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது நல்ல யோசனை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது, ரிம்மையும் பார்க்க வேண்டும். இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் அழகான அலாய் ரிம்மைப் பொருத்தி, அதன் மேல் பிளாஸ்டிக் மூடியையும் மாட்டி அனுப்பினார்கள். பார்ப்பவர்கள் எல்லாம், அலாயைப் போட்டுவிட்டு ஏன் மூட வேண்டும் என்று சிரித்தார்கள். நிறையப் பேர் அந்த மூடியைக் கழற்றியே வீசினார்கள். மூடி இருந்தது காற்றுக்காக. சுற்றும் சக்கரத்தின் இடைவெளிகளில் காற்று புகுந்து சுழன்றால் இழுவை கூடும், தட்டையான மூடி அதைக் குறைக்கும்.

பெரிய ரிம் போட்டால் எடை கூடி மைலேஜ் விழும் என்று பலர் சொல்வார்கள். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் மிகை. சக்கரத்தின் ஓரத்தில் 2 கிலோ கூடினால் அது வண்டியில் 4 கிலோ கூடியதற்குச் சமம் (ஓடவும் வேண்டும், சுழலவும் வேண்டும்). நான்கு சக்கரத்துக்கும் 16 கிலோ. 1,300 கிலோ காரில் இது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. தவிர, ஹைப்ரிட்டில் அந்தச் சுழற்சிக்குக் கொடுத்த சக்தியில் ஒரு பகுதி பிரேக் பிடிக்கும்போது திரும்பி வந்துவிடும். பெரிய ரிம்மோடு கூடவே வரும் அகலமான, பிடிப்பு அதிகமான டயரும், திறந்த ரிம் வடிவமும்தான் நிஜமான செலவு.

மூன்றாம் தலைமுறை ப்ரியஸில், அதாவது 2010 மாடலில், 195/65ஆர்15 டயரும் உண்டு, உயர்ந்த ரகத்துக்கு 215/45ஆர்17 டயரும் உண்டு. இரண்டுக்கும் அரசு லேபிளில் ஒரே எண்தான்: காலனுக்கு 50 மைல். 17 அங்குலம் வாங்கியவர் தன் சக்கரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. 2023 மாடலாக வந்த ஐந்தாம் தலைமுறையில்தான் அந்தத் திரை விலகியது. கூபே கார் போன்ற தோற்றத்துக்காக உயர்ந்த ரகங்களுக்கு 19 அங்குல ரிம் கொடுத்தார்கள், டயர் 195/50ஆர்19. பெரிய விட்டம், குறுகிய அகலம். 2013-ல் பி.எம்.டபிள்யூ. ஐ3 என்ற மின்சாரக் கார் 155 மில்லிமீட்டர் அகலத்தில் 19 அங்குல டயரோடு வந்தபோதே இந்த வடிவம் பேசப்பட்டது. பெரிய வட்டம் தரையில் குறைவாக வளையும், குறுகிய டயர் காற்றைக் குறைவாகத் தடுக்கும் என்பது வாதம். சாதாரண எல்.இ. ரகத்துக்கு மட்டும் மூடி போட்ட 17 அங்குல ரிம், டயர் 195/60ஆர்17.

முன்சக்கர இயக்கம், அதே 2 லிட்டர் எஞ்சின், அதே 195 அகலம். அமெரிக்க அரசின் எண்கள்: 17 அங்குல எல்.இ. 57 மைல், 19 அங்குல ரகங்கள் 52 மைல். லிட்டருக்கு 24.2 எங்கே, 22.1 எங்கே! உயர்ந்த ரகத்தின் எடை கொஞ்சம் கூடுதல்தான், முழு வித்தியாசத்தையும் சக்கரத்தின் மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் பெரிய மாற்றம் அதுதான். வருடம் 12,000 மைலுக்கு 20 காலன், நம் கணக்கில் 75 லிட்டருக்கு மேல். இருபத்தைந்து வருடம் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த காரில் தோற்றத்துக்காக ஐந்து மைலை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கார் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

19 அங்குல ரகத்தை வாங்கிவிட்டு 17 அங்குல ரிம்மும் டயரும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 19-ன் விட்டம் 677.6 மில்லிமீட்டர், 17-ன் விட்டம் 665.8. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு 1.8 சதவீதம் அதிகமாகச் சுற்றும். மீட்டர் அதையெல்லாம் மைல் என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே மாட்டிய முதல் டேங்கில் 52 என்பது 55 ஆகிவிட்டது என்று துள்ளிக் குதிப்பவர்கள், அதில் ஒரு மைலை முதலில் கழித்துவிட வேண்டும். திரையில் வரும் எண்ணை விட்டுவிட்டு, நெடுஞ்சாலை மைல்கல்லை வைத்து நூறு மைல் ஓட்டி, பங்கில் மறுபடி டேங்கை நிரப்பிப் பார்த்தால் டயர் உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்பது தெரிந்துவிடும்.